ஆல்பர்ட்டா வந்த காலை

மச்சான்,

இன்று காலை பேராதெனிய ரயில் கடவையில் நின்றேன். கழுத்தில் அளவு நாடா, கையில் அடுத்தவருடைய களிசான். அதன் சொந்தக்காரர் என் தையல் கடைத் திரைக்குப் பின்னால் சட்டையோடு மட்டும் நின்றுகொண்டிருந்தார். கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது அந்த உறுமல் கேட்டது. எழுந்து ஓடிவிட்டேன்.

நீ ஓட்டிய பழைய கனடா எஞ்சினின் உறுமல். இப்போது எப்போதாவதுதான் கேட்கிறது. கரி எஞ்சின்கள் மலையேறிய காலத்தில் கனடாக்காரர்கள் நம் நாட்டுக்கு உதவியாகத் தந்த எஞ்சின்களில் அதுவும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய ஒரு மாகாணத்தின் பெயர் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒண்டாரியோவும் ஆல்பர்ட்டாவும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் என்று கடைக்கு வருவோரிடமெல்லாம் அளந்தவன் நான்.

ஒருநாள் ஸ்டேஷனில் அது நின்றபடியே உறுமியது. "நிக்கிறதுக்கே இவ்வளவு சத்தமா?" என்று கேட்டேன்.

"டீசல் எஞ்சின் சக்கரத்தச் சுத்துறதில்ல மச்சான். கரண்ட் மட்டுந்தான் உண்டாக்கும். கீழ இருக்கிற மோட்டர்தான் சக்கரத்தச் சுத்தும். ஒன் வீடு மாதிரி. கத்துறது நீ, ஓடுறது தங்கச்சி."

அதைக் கேட்டு என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள். மும்மூன்றாக இருக்கும் சக்கரங்களில் நடுச்சக்கரத்துக்கு மோட்டரே இல்லை, அது பாரம் மட்டும் தாங்கும் என்றும் சொன்னாய்.

"அப்ப நான் அந்த நடுச்சக்கரமாவது ஆகலாமா?"

"மொதல்ல சத்தத்தக் கொற."

என் மகளுக்கு ஆல்பர்ட்டாவில் தாதி வேலை கிடைத்திருக்கிறது, மச்சான். நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். நான் சொன்னால் போவாள், சொல்லாவிட்டால் நிற்பாள். ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். நூல் கோக்காமலே மெஷினை மிதிக்கிறேன்.

அவள்தான் கடவைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அப்பா, அந்த அங்கிள் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. களிசானக் குடுங்க."

"இரு மகள். பேர வாசி. என் கண்ணாடி கடையில."

எஞ்சின் எங்களைத் தாண்டியது. காலடி மண் அதிர்ந்தது.

"ஆல்பர்ட்டா" என்றாள். பெட்டிகள் எல்லாம் போய் முடிந்ததும், "நான் போகவா அப்பா?" என்றாள்.

நான் கத்தத் தொடங்கினேன். அங்கே குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று களிசான் போட வேண்டும், மூன்றையும் நானே தைத்துத் தருவேன், ஒருகால் நீளம் ஒருகால் கட்டையாக இருந்தால் பனியில் யாருக்குத் தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்தும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ சொன்னது ஞாபகம் வந்தது. சத்தத்தைக் குறைத்தேன்.

"போ மகள்" என்றேன்.

களிசானை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நம் வீடுகளில் யாரும் வெறும் 'போ' சொல்வதில்லை. கடைசியாக என் கடைப்படி இறங்கியபோது நீகூட "போயிட்டு வாறேன்" என்றுதான் சொன்னாய், வரத்தான் இல்லை. திரும்பி வரக் கூப்பிட்டுவிட்டால் அவள் அங்கிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன். அதனால் அந்த 'வா'வை மட்டும் சொல்லவில்லை.