செவ்வந்திக்கு நீ எழுதிய பொய்

இல்-பிசார், மொன்றியல்
புரட்டாதி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சாருஜாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம். நீயும் மருமகன் ஆரூரனும் பேர்த்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், கும்பிட்டு முடிந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் முழங்கால் நோ பரவாயில்லை, லாவாலுக்குப் போகிற படகு இன்னும் ஓடுகிறது, இரண்டு நாளுக்கு ஒருக்கால் அதில் போய்க் காற்று வாங்கிவிட்டு வருகிறார். வீட்டுப் புதினம் இவ்வளவுதான். இனி வருவதைப் பொறுமையாக இருந்து வாசி. போனில் சொல்லலாம்தானே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறக்கமுதலே சொறி அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு ஆரூரனிடம் கொடுத்துவிடுவாய், அவர் பாவம், அவரை நான் ஏச முடியாது. கடிதத்தை அப்படி யாரிடமும் தள்ளிவிட முடியாது.

தோட்டச் சங்கத்தின் இலையுதிர்கால இதழ் போன கிழமை வந்தது. என் செவ்வந்தியின் படத்தைப் பக்கம் நிறையப் போட்டிருந்தார்கள், பார்த்ததும் மனம் குளிர்ந்தது, அதை நான் ஏன் மறைக்க வேண்டும். படத்துக்குக் கீழே நீ எழுதிக் கொடுத்த விபரம். அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாய் போல. நான் வேலை செய்த கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில், எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளைக்குப் பால் ஆகாது என்று பிரெஞ்சில் வாசித்து வாசித்துத்தான் இத்தனை வருடம் சமைத்தேன், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நேரவில்லை. அதே மாதிரி விரலை வைத்து வரிவரியாக வாசித்தேன். யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்போது என் அம்மா முற்றத்துச் செவ்வந்தி விதையை என் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டாராம், நான் அதைக் கடல் கடந்து கொண்டுவந்து கனடாப் பனியில் கண்ணீர் விட்டு வளர்த்தேனாம், பூவின் பெயர் யாழ்ப்பாணக் கண்ணீராம். வாசித்து முடிய எனக்குக் காதெல்லாம் சுட்டது.

உன் அம்மம்மாவுக்குச் செவ்வந்தி மணத்தாலே தும்மல் நிற்காது, கோயிலில் மாலை கட்டுகிற பக்கமே போகமாட்டார். நான் கனடாவுக்கு வந்தது சேலையில் அல்ல, சுடிதாரில், அப்பா ஸ்பொன்சர் செய்து பிளேனில் வந்தேன், பெட்டியில் இருந்தது மிளகாய்த்தூளும் பனங்கட்டியும். செவ்வந்தி விதை இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் முளைக்காது என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், நான் இங்கே பூ வளர்க்கத் தொடங்கினதே வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, பூ வளர்க்கிற எவரும் இதை வாசித்தால் அந்த இடத்திலேயே சிரிப்பார்கள், சிரிப்பது உன்னைப் பார்த்து அல்ல, நீ தூரத்தில் இருக்கிறாய், என்னைப் பார்த்து. அதைக்கூட விடு. யுத்தத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் உண்மையாகவே பறிகொடுத்த சனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அவர்களுடைய கண்ணீரை எடுத்து என் பூவுக்கு ஊற்ற உனக்கு யார் உரிமை தந்தது? நான் இந்தப் பூவுக்காக ஒரு நாளும் அழவில்லை. இடுப்பு நொந்தது, விரல் விறைத்தது, அப்பாவோடு சண்டை பிடித்தேன், அழவில்லை.

சனிக்கிழமை கண்காட்சிக்குப் போனால் செயலாளர் மனுசி ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைக்கிறாள். அடுத்த வருடம் நான் சேலை உடுத்திக்கொண்டு வந்து மேடையில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். எந்தப் பயணம், லாசாலில் இருந்து இல்-பிசாருக்கு வீடு மாறின பயணமா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டு, அந்த விபரம் பிழை, மாற்ற வேண்டும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது, எல்லோருக்கும் பிடித்த கதை, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டாள். மாற்றாவிட்டால் என் பூவை அடுத்த வருடத்துச் செடிப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஓம், சொல்லிவிட்டேன். விபரம் எழுதிக் கையெழுத்து வைத்தவர்தான் திருத்தியும் தர வேண்டுமாம், தையில் பட்டியல் அச்சுக்குப் போகிறது, அதற்குள் உன் திருத்தம் வராவிட்டால் பூ இல்லை. வரும் வழியில் அப்பா, இஞ்சேரும், விடும், பிள்ளை ஆசையிலைதானே எழுதினவள் என்றார். அன்று பின்னேரம் அவரே தேத்தண்ணி போட்டுக் குடித்தார்.

கண்காட்சிக்கு எமிலியானுஸ் அண்ணையும் வந்திருந்தார். லாசாலில் அப்பாவோடு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், திருகோணமலைக்காரர், அவருடைய வான் வண்டியில்தான் நாங்கள் வீடு மாறினோம், உனக்கு நினைவிருக்கும். சேமக்காலையில் அவருடைய மனைவி திரேசம்மாவின் கல்லறையில் நிற்கிற சின்ன வெள்ளைச் செவ்வந்திதான் என் பூவுக்குத் தகப்பன் செடி. போர்வை இல்லை, பராமரிப்பு இல்லை, பனிக்குள் கிடந்துவிட்டு ஒவ்வொரு வருடமும் ஆவணி முடிந்ததும் முதல் ஆளாகப் பூக்கும். கார்த்திகை மாதம் மரித்தவர் திருநாளுக்கு அவரோடு போனபோது அதைப் பார்த்து வேரோடு ஒரு துண்டு கேட்டேன். கல்லறையில் நின்றதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று அப்பா என்னைத் தலைமுழுக வைத்து, செடியை முழு மாரிக்குளிர்காலமும் கராஜில் விட்டார். அண்ணை தரும்போது ஒன்றுதான் கேட்டார், திரேசம்மான்ரை பூவெண்டு ஒரு வரி எங்கையாவது போட்டுவிடுங்கோ தங்கச்சி என்று. அதை நான் உனக்குச் சொன்னேன். நீ, அம்மா, சேமக்காலைப் பூ எண்டு எழுதினா ஆர் வீட்டிலை நடுவினம் என்று சிரித்தாய், சிரித்துவிட்டு எழுதுவாய் என்று நான் நம்பினேன். அந்த மனுசன் இதழை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தார், பேந்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பூ வடிவாயிருக்குத் தங்கச்சி என்று மட்டும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பெரிய பங்கு அங்கேதான் வந்தது.

இனி உண்மையைச் சொல்கிறேன், இதைப் பார்த்து எழுது, உன் கற்பனையை வேலைத்தலத்தில் வைத்துக்கொள். செடி முழங்கால் உயரம், தடி கட்டாமல் நிமிர்ந்து நிற்கும், மழைக்குச் சரியாது. இலை கரும்பச்சை, பின்பக்கம் சாம்பல் பூத்தது போல, கசக்கினால் கசப்பு மணம். பூவுக்கு மூன்று அடுக்கு இதழ், நிறத்தைச் சூரிய அஸ்தமனம் என்று எழுதியிருக்கிறாய், அஸ்தமனம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம், அது ஒரு விபரமா? உறைப்புக் கறியின் மேலே மிதக்கிற எண்ணெயின் நிறம், இதழின் அடிப்பக்கம் வெளிறின மஞ்சள், நடுக்கண் முதலில் பச்சை, விரிய விரிய மஞ்சள். முதல் உறைபனி பட்டால் இதழ் நுனி சிவக்கும், ஆனால் வாடாது. தாய்ப்பூவின் இதழ்களைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி, உள்ளே இருக்கிற பெண்பாகம் தெரிய, திரேசம்மாவின் பூவில் இருந்து மகரந்தத்தை நீ விட்டுப்போன வர்ணத் தூரிகையால் தொட்டு வைத்தேன். வெளியே விட்டால் விதை முற்றமுதல் பனி வந்துவிடும், அதனால் தாய்ச்செடியை நிலக்கீழ் அறை யன்னலோரம் வைத்தேன். பங்குனியில் விதைத்தேன், வந்த கன்றுகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை, ஒன்று சரிந்தது, ஒன்று மார்கழிக்கு மொட்டு வைத்தது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பிறகு மூன்று மாரி மூடாமல் வெளியே விட்டுப் பார்த்தேன், வசந்தத்தில் அடியில் வந்த குருத்தை வெட்டி நட்டால் அதே பூ, அதே நிறம். அதற்குப் பிறகுதான் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். இதில் எங்கே சேலைத் தலைப்பு வருகிறது?

கடைசியாகத் தாய்ச்செடி. நீ லாசாலில் மருந்துக்கடையில் பகுதிநேரம் வேலை செய்துகொண்டு படித்த காலம். டவுன்டவுனில் சிநேகிதிகளோடு போய் இருக்கப் போகிறேன் என்று சண்டை பிடித்து, என்னை நாட்டுப்புறம் என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாய். இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. ஒரு பின்னேரம் கடை வாசலில் மலிவுக்கு விட்ட செவ்வந்திச் சாடி ஒன்றை, பாதி கருகினது, மலிவுச் சீட்டையும் கிழிக்காமல் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாய். சொறி என்று சொல்லவில்லை, வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாய். பூ முடிய அப்பா குப்பைக்குள் போடச் சொன்னார், நான் கட்டடத்தின் பின்பக்கம் வாகனங்கள் விடுகிற இடத்தோரம் நட்டேன், அது தப்பியது, வீடு மாறும்போது அதையும் கிண்டிக்கொண்டு வந்தேன். அந்த எண்ணெய் நிறம் அந்தச் சாடியின் நிறம். இந்தப் பூவுக்குத் தாய் தேடி நீ யாழ்ப்பாணம்வரை போயிருக்கிறாய், அதைக் கொண்டுவந்தது நீதான் என்பது உனக்கு நினைவே இல்லை. பொய் எழுதினது ஒரு கோபம், மறந்தது அதைவிடப் பெரிய கோபம்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், ஒரு குறையும் வரக்கூடாது. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு, தேத்தண்ணியோடு போடாதே. ஆரூரனுக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டு. எனக்குச் சொறி வேண்டாம், அன்றைக்கும் நீ சொல்லவில்லை, திருத்தத்தை எழுதிச் செயலாளருக்கு நேரே அனுப்பு, திரேசம்மாவின் பெயரில் எழுத்துப்பிழை விடாதே. சங்கத்துக்கு இன்னும் கொடுக்காத பதிவுப் படிவத்தில், பூவின் பெயர் என்ற இடத்தில் நான் உனக்குச் சொல்லாமல் சாருஜா என்று எழுதி வைத்திருந்தேன், போன கிழமை அதைப் பேனாவால் வெட்டிவிட்டேன். திருத்தம் வந்த பிறகு யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
இந்திராதேவி