வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொய்யா

என் வயிற்றெரிச்சலே, என் கோமதி,

செத்தவளை இப்படியா கூப்பிடுவார்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பிவேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம் செய்த ஓரகத்திகள் நாம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுச் சேதி முதலில். உன் மகள் வித்யா ஏனாத்தூருக்குப் படிக்கப் போய் வருகிறாள். உன் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சோறு நான்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் கொய்யா இந்த ஆடியிலும் காய்த்துத் தள்ளியிருக்கிறது. அதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரெல்லாம் மரத்தை மரமாக வளர்க்க, நீ மட்டும் அதை வேலியோடு ஒட்டித் தட்டையாகப் படரவிட்டாய். எவனோ வெளிநாட்டுக்காரன் செய்வதைப் போனில் பார்த்துவிட்டு, கிளை இளசாக இருக்கும்போதே வளைத்து, தறியில் மிஞ்சிய பட்டு இழையால் கம்பியில் கட்டினாய். கயிறு பட்டையை அறுத்துவிடுமாம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நானும் என் பக்கத்தில் ஒரு எலுமிச்சையை வளைத்தேன். மூன்றாம் நாள் படக்கென்று முறிந்தது.

பொறாமையா என்று கேட்காதே. பொறாமைதான். கோயிலில்கூட, "அந்தக் கொய்யா வீட்டம்மாவுக்கு நீங்க என்னமா வேணும்?" என்றுதான் என்னை விசாரித்தார்கள். மூத்த மருமகள் நான். எனக்கு உன்னை வைத்து அடையாளம்.

அதனால்தான் அதைச் செய்தேன். நீ திருமுக்கூடல் போயிருந்த அன்று, வேலிக்குள் கைவிட்டு, நேராக மேலேறிக்கொண்டிருந்த நடுக்குருத்தைக் கிள்ளி எறிந்தேன். ஒழியட்டும் என்று. கொஞ்ச நாளில் கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் வந்தது. ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் நீ வளைத்தாய். ஏணி மாதிரி இருந்த மரம் மயில் தோகையாக விரிந்துவிட்டது. கெடுக்கப் போய் உன் பேரை ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ போன பிறகு நான்தான் அதைக் கட்டி வருகிறேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதே, வெறும் வீம்பு. போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு நர்சரிக்காரர் வந்தார். "யாருமா இத வளச்சது? எங்க நர்சரிக்கு வந்து பசங்களுக்குச் சொல்லிக் குடுங்கமா" என்றார்.

"நான்தாம்பா" என்றேன்.

திரும்பினால் வாசலில் வித்யா. பையைக்கூட இறக்காமல் நிற்கிறாள். அவர் போனதும், "கோச்சுக்காதமா, வாய் தவறி வந்துடுச்சு" என்றேன்.

"எதுக்குப் பெரிம்மா? அம்மாவே அப்படித்தானே சொல்லிக்கினு இருக்கும். 'குருத்த உங்க பெரிம்மாதான் கிள்ளினாங்க. அவங்க கிள்ளலன்னா இந்த அழகே வந்திருக்காது. பாதி மரம் அவங்களுதுதான். நீ போய்க் கேக்காத, சங்கடப்படுவாங்க'ன்னு சொல்லும்."

உனக்குத் தெரிந்திருக்கிறதே, கோமதி! தெரிந்துகொண்டேதான், "அக்கா, மொதப் பழம் உங்களுக்குத்தான்" என்று வேலிக்கு மேலே நீட்டினாயா? எப்போது பார்த்தாய்? ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, பிறகு அழுதிருப்பேனே. இதிலும் நீயே ஜெயித்துவிட்டு, நான் சண்டைக்கு வரமுடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை வாலாஜாபாத் போகிறேன், வித்யாவோடு. எடுத்ததுமே, இது கோமதி வளர்த்த மரம் என்று சொல்வேன். குருத்தைக் கிள்ளியதையும் சொல்வேன். எதற்காகக் கிள்ளினேன் என்பதையும் சேர்த்து, உன் மகள் காதுபடச் சொல்வேன். இது சத்தியம். உன்மேல் இனிப் பொறாமைப்பட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே. அது என்னால் ஆகாது.

நீ வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டும்
கடைசிவரை ஓரகத்தியாகவே இருந்துவிட்ட
உன் அக்கா