ஊரே பச்சை

ஜனவரி 9, வியாழன்

பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாதென்று அக்கம்பக்கத்தில் புகாராம். அதனால் நாளை கழக்கூட்டத்தில் இருக்கும் மாடி கஃபேயில் எல்லோருக்கும் ஹெட்போன். ஒரே நேரத்தில் இரண்டு டீஜே. காலேஜிலிருந்து என்னோடு வாசிக்கும் வினய்க்குச் சிவப்புச் சேனல், எனக்குப் பச்சை. காதோரப் பட்டனை அமுக்கி மாற்றிக்கொள்ளலாம். கேட்கிற சேனலின் நிறத்தில் ஹெட்போன் மின்னும். மூன்று வெள்ளி பார்த்துவிட்டு ஒருவரைத்தான் நிரந்தரமாக வைப்பாராம் மேனேஜர் ஹரிகுமார். இது இசையா, எலெக்‌ஷனா?

ஜனவரி 11, சனி

மாடி முழுக்கச் சிவப்பு. வினய் போட்டதெல்லாம் கல்யாண வீட்டுப் பாட்டு! நான் மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த செட் — டெக்னோவுக்குள் உறுமி, உறுமியிலிருந்து எதிரொலிக்கும் டப் தாளம், கடைசியில் ஒற்றை வயலின் — அதற்கு ஏழு பேர். ஹரிகுமார் வேறு பக்கத்தில் வந்து, "திவ்யே, பச்சை எவிடே?" என்கிறார். எங்கே என்று பார்க்க எனக்குக் கண் இல்லையா?

ஜனவரி 12

அம்மா: "ராத்திரி ஒரு மணிக்கு அப்பா ஸ்கூட்டரோட ரோட்ல காத்துண்டு நிக்கறார். தேவையாடீ இது?"

ஜனவரி 18, சனி

பச்சை, நான்கு. ஆபீஸ் ஜெஸ்லினை நான்தான் கூட்டிப்போனேன், அவளும் சிவப்பு! சண்டை போட்டேன்.

"உன் சேனல்ல ஒண்ணும் கேக்கல்ல பிள்ளே. ஹெட்போன் கேடாயிட்டுன்னு மாத்திக்கூட வாங்கினேன். அதுலயும் கேக்கல்ல."

கேட்கலையா? ஒரு தாளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் மூன்று நிமிஷம் கிட்டத்தட்ட மௌனமாக விடுவேனே, அதுவா? அதுதானே செட்டின் அழகே! ஐயோ... ஸ்பீக்கர் என்றால் வேறு வழியில்லாமல் காத்திருப்பார்கள். இங்கே எல்லோர் விரலும் பட்டன் மேல்.

ஜனவரி 21

அந்த மௌனங்களையெல்லாம் வெட்டினேன். அழுகை வந்தது. இப்போது உறுமி ஓயுமுன்பே டப் வந்து இடிக்கிறது. சனியன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 25, சனி

தூக்கம் வரவில்லை. நேற்று மாடி முழுக்கப் பச்சை. ஹரிகுமார் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி வெள்ளிக்கிழமை என்னுடையது.

கீழே கொசு பிடுங்குகிறது என்று அப்பா முதல் தடவையாக மேலே வந்து, ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், சிவப்பு! ஊரே பச்சை, பெத்த அப்பா மட்டும் சிவப்பு!

ஸ்கூட்டரில் ஏறியதும் கத்தினேன்.

"உன்னுது கேட்டேன்டீ, நன்னாத்தான் இருந்தது. அப்பறம் பாத்தா அந்தப் பையன் வினய்க்கு ஒருத்தர்கூட இல்லை. அவன் வாசிக்கறதையும் ஒருத்தராவது கேக்க வேண்டாமா?"

வீட்டுக்கு வந்து வினய்க்கு மெசேஜ் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.