இரண்டாம் மாடி, நியூரோ ஓ.பி.

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி இரண்டு நாளாகக் காயவில்லை. வலது முட்டி வலி.

செய்ய வேண்டியது: கியாஸ் புக் பண்ண. இவருக்கு மாத்திரை வாங்க (டோனெபெசில் 5, நாலுதான் பாக்கி). 14ஆம் தேதி ஆஸ்பத்திரி, பழைய சீட்டெல்லாம் எடுத்து வைக்க. பெங்களூருக்கு, கோமதிக்குப் போன்.

ஏழு மணிக்குப் பாடம். காபி குடித்ததும் இவரே நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிடுகிறார். இன்று என்ன கிழமை, என்ன மாதம், எங்கே இருக்கிறீர்கள், எத்தனையாவது மாடி. பிறகு ஐந்து வார்த்தை: குதிரை, ஜன்னல், வெண்டைக்காய், சாவி, நீலம். மூன்று தடவை. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. 93, 86, 79, 72, 65. மூச்சுவிடாமல் சொன்னார். பல் தேய்த்தாச்சா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். தெரியவில்லை.

இந்தப் பாடம் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன், மனசாவது கொஞ்சம் லேசாகட்டும். போன வருஷம் ஏப்ரலில் ஸ்கேன், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா அல்சைமர் என்றபோது டெஸ்டில் முப்பதுக்கு 22. அக்டோபரில் 19. அன்று ஆட்டோவில் ஏறியதிலிருந்து கரமனையில் வீடு வரும்வரை அழுதேன். இவர் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலை, டெஸ்டில் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினேன். எல்லாத் தடவையும் அதே கேள்விகள்தான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதுதானே. டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதி எழுதியே கிளார்க்கிலிருந்து சூப்பிரண்டு ஆனவள் நான். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

இந்த ஏப்ரலில் 25. டெஸ்ட் எடுக்கிற ஸ்ரீஜாவுக்கே ஆச்சரியம். மாத்திரை நன்றாக ஒத்துக்கொள்கிறது, டோஸ் கூட்ட வேண்டாம், காலையில் தனியாகவே நடந்துவிட்டு வரட்டும், நல்லது என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் லீவு போட்டு வந்து அப்பாகூட இருக்கிறேன் என்ற கோமதி லீவைக் கேன்சல் பண்ணினாள். நான் சாலை பஜாரில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அக்டோபர் 7, செவ்வாய்

கியாஸ் வந்தது. மதியம் இடி. கரண்ட் போய் ஐந்துக்கு வந்தது.

கோ. போன். "அப்பா இந்தத் தடவ 27 வாங்குவாரு, பாத்துக்கோ." ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாளாம், மாத்திரை பேரைக்கூடக் கேட்டார்களாம். ம்ம் என்றேன்.

இவர் இன்று செருப்பைப் பிரிட்ஜில் வைத்தார். என் செருப்பை.

அக்டோபர் 8, புதன்

ஏழே முக்காலுக்கு நடக்கப் போனவர் ஒன்பதாகியும் வரவில்லை. பத்து. குடையும் கொண்டுபோகவில்லை. கோயில் வாசல், ஆற்றங்கரை, பஸ் ஸ்டாப், எல்லாம் போய்ப் பார்த்தேன். முட்டி வலி தெரியவே இல்லை. வீட்டுக்குத் திரும்பி, போலீஸுக்குச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தபோது மணி பதினொன்று. வாசலில் ஆட்டோ.

கூட வந்தது முருகேசன், ஆரியசாலையில் லோடு இறக்குகிறவர், செங்கோட்டைக்காரர். இவருடைய மிளகாய் மொத்தக்கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அதன் ஷட்டருக்குக் கீழே மழையில் உட்கார்ந்து, திறங்கடே திறங்கடே என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கடையை மூடி ஆறு வருஷம்.

வீட்டு விலாசம் கேட்டிருக்கிறார் முருகேசன். சொல்லத் தெரியவில்லை. "ஆனா அய்யா தெளிவாத்தான் பேசுனாங்க. கெழம சொன்னாங்க, மாசம் சொன்னாங்க. எங்க இருக்கீங்கன்னு தெரியுதான்னு கேட்டா, ரெண்டாம் மாடி, நியூரோ ஓ.பி.ங்காங்க. ஆஸ்பத்திரியில இருந்துதான் எறங்கி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விடலாம் என்று ஆட்டோ பிடித்த நேரத்தில் டீக்கடைக்காரர் பார்த்து, நம்ம மிளகாய்க்கடை முதலாளியல்லவா என்று வீட்டைச் சொல்லியிருக்கிறார்.

நடு ரோட்டில் நின்றுகொண்டு இரண்டாம் மாடி. நான் சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டு விலாசத்தை ஒருநாள்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது டெஸ்டில் வராது.

தலை துவட்டிவிட்டு ரசம் சாதம் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

நோட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இனிமேல் பாடம் கிடையாது.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தலையணைக்கு அடியில், பேப்பர் கட்டுக்குள் எல்லாம் தேடினார். அடுக்களை வாசலில் வந்து நின்று, "இன்னிக்குப் பாடம் இல்லையா டீச்சர்?" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, போங்க வேலையைப் பாத்துக்கிட்டு என்றேன்.

சளி பிடித்திருக்கிறது. தும்மல். கற்பூரவல்லிக் கஷாயம்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டு நாளாக எழுதவில்லை. அலுப்பு. கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த 25-ஐ நம்பித்தான் தனியாக விடலாம் என்றார், டோஸும் கூட்டாமல் விட்டார். சொன்னால் திட்டுவார், திட்டட்டும். திட்டுக்குப் பயமில்லை. 25 போய்விடும். அதுதான் பயம். ஆறு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன், சமைத்திருக்கிறேன், இவருக்கு நகம் வெட்டியிருக்கிறேன்.

கோ.விடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை. பிறகு, லீவு திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டோக்கன் 43. மழையோடு கூட்டம். பெஞ்சில் ஈரக் குடைகள்.

டெஸ்ட் ரூம் வாசலில் ஸ்ரீஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் எல்லாம் சொன்னேன். நோட்டையும் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மார்ஜின் போட்டு, சரிக்கு டிக் எல்லாம் போட்டிருந்தேன். "சாரமில்ல அம்மா, பல வீட்டிலயும் இது உண்டு," என்றாள். பரவாயில்லையாம்.

வேறு தாள் எடுத்தாள். என்னை இவர் பார்வையில் படாமல் பின்னால் உட்காரச் சொன்னாள்.

புது வார்த்தைகள். படகு, கண்ணாடி, இன்னும் மூன்று. திரும்பச் சொல்லச் சொன்னபோது குதிரை, ஜன்னல் என்று ஆரம்பித்தார். இல்லை என்று தலையாட்டினாள். குழம்பிப்போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, ஒவ்வொரு பதிலுக்கும் சரியா என்று என் முகம் பார்க்க நான்தான் பழக்கியிருக்கிறேன்.

13.

டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரை 10 ஆக்கியிருக்கிறார். வயிறு போகலாம், கெட்ட கனவு வரலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். போனது திரும்பி வராது, போகிற வேகம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான் என்றார். தனியாக வெளியே விடக் கூடாது. சட்டைப் பையில் விலாசமும் போன் நம்பரும். பாடம் வேண்டாம், பிடித்த வேலை கொடுங்கள் என்றார். மிளகாய்க்குக் காம்பு கிள்ளச் சொல்லலாம். கண்ணில் தேய்த்துக்கொள்வாரோ? மல்லி புடைக்கச் சொல்லலாம்.

மருந்துக் கவுண்டர் வரிசையில் முக்கால் மணி நேரம். சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து, நாலு பேருக்குக் கேட்காத மாதிரி, மரியாதையாகச் சொன்னார்.

"மார்க் கொறஞ்சுபோச்சுன்னு வடிவுகிட்ட சொல்லிராதீய டீச்சர். ஆட்டோலயே அழுவா."

வியாழக்கிழமை அவர் கேலி பண்ணவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நான்தான் வடிவு.

சொல்ல மாட்டேன் என்றேன். வீடு வரும்வரை அழவும் இல்லை.