'ஜெஜூன்' என்று எழுதிய நாள்

என்னங்க,

நீங்க அங்கே போன இந்த மூணு வருஷமா "எல்லாரும் சௌக்கியம்"னே எழுதிட்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை.

பத்திரிகைக்கு வர்ற இங்கிலீஷ் கதைகளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதுவேனே, அந்தப் புத்தி வீட்டிலும் போகலை. நீங்க கிளம்பின புதுசில், நம்ம குட்டி எட்டு வயசில் எழுதின முதல் கதையில் 'ஜெஜூன்'னு இங்கிலீஷில் எழுதிட்டேன்.

"அப்படின்னா என்னம்மா?"

"சப்புன்னு இருக்கு, இன்னும் வளரலைன்னு அர்த்தம்."

சரின்னு தலையாட்டிட்டுப் போனா.

அதுக்கப்புறம் அவ வளரவே இல்லைங்க. கதவு நிலையில் அவ உயரத்தை மாசாமாசம் ஒரே இடத்தில்தான் கோடு போடறேன், மரமே பள்ளமாயிடுச்சு. அன்னிக்கு ஆடின பல் இன்னும் ஆடுது. டாக்டர் ஒரு குறையும் இல்லைங்கறார். அந்த வார்த்தையை அழிச்சும் பார்த்தேன். "நீ எழுதினது சரிதாம்மா"ங்கறா.

போன மாசம் உங்க கடிதத்தை அவளே படிச்சா. "அப்பா எப்பவும் வெயில், சாப்பாடுன்னே எழுதறார்"னு சொல்லி, என் பென்சிலை எடுத்து ஓரத்தில் அதே வார்த்தையை எழுதிட்டா.

கோபப்படாம உடனே பதில் போடுங்க. நீங்க கடைசியா நகம் வெட்டினது எப்போ?

இப்படிக்கு,
குட்டியோட அம்மா