கார்டைப் போடும் முன் படி

பத்துபஸ்தி,
போர்ட் பிளேர்.
8.3.2026

என் செல்ல மகள் ரூபாவுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் கவரில், நீ வீட்டைப் படம் பிடிக்க அனுப்பிய மெஷினின் மெமரி கார்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஷீலாவின் மகள் கார்த்திகா லீவு முடிந்து பெங்களூர் காலேஜுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கார்டைக் கம்ப்யூட்டரில் போடும் முன் இதை முழுக்கப் படித்துவிடு. படத்தை முதலில் பார்த்தால் பதறிப்போவாய்.

அப்பாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விலகி மாவுக்கட்டு போட்டிருக்கிறது. வேறு அடி ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், இடது கையால் சாப்பிட வராமல் நான்தான் ஊட்டிவிடுகிறேன். அதிலும் ரசத்தில் உப்பு இல்லை என்று குறை சொல்கிறார். படகுத்துறையில் முப்பத்திரண்டு வருஷம் போட் ஓட்டிய பெரிய மனுஷர் இல்லையா!

போனில் சொல்லலாமே என்பாய். இப்போதெல்லாம் அவர் காது கத்தி மாதிரி. நான் பின்கட்டில் போய் முணுமுணுத்தாலும் கேட்டுவிடுகிறது. அதனால்தான் அவர் தூங்கும் மத்தியான நேரத்தில் எழுதுகிறேன்.

விஷயம் அப்பாவின் கண். ஒன்றரை வருஷமாகக் கண்ணுக்குள் அழுத்தம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார். பக்கவாட்டில் இருப்பதும் காலடியில் கிடப்பதும்தான் தெரியாது. போனது போனதுதான், இருக்கிற பார்வையையாவது காப்பாற்ற வேண்டும், சீக்கிரம் மெயின்லேண்ட் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று இங்கே டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது. இவர் அசைந்தால்தானே! உனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம். சொல்லக் கூடாது என்று உன் மேலேயே சத்தியம் வாங்கிவிட்டார். காலையில் முருகன் கோயிலுக்குப் போய், சத்தியத்தை மீறப் போகிறேன், பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று விளக்குப் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இப்போது உன் மெஷின் கதைக்கு வருகிறேன். வீட்டில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று அது கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு நம் ஊர் வீடுகளின் படம் வேண்டும் என்று அனுப்பினாய். காலையும் மாலையும் அது ஆமை மாதிரி வீட்டைச் சுற்றி வரும். அப்பா அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருக்கிறார். போன மாதம் முதல் கார்டைப் பார்த்துவிட்டு நீ போனில் சண்டைக்கு வந்தாய். இருபது நாள் படத்தில் ஒரு ஆபத்துகூட இல்லை, விருந்தாளி வருகிற மாதிரி துடைத்து வைத்தால் மெஷின் எதைக் கற்றுக்கொள்ளும், ஆபீசில் சிரிக்கிறார்கள் என்றாய். ஆமாம்டி, மானம் போய்விடுமே என்று துடைத்தேன் என்றேன். நீயும் நம்பிவிட்டாய்.

மெஷினுக்காகத் துடைக்கவில்லை ரூபா. தரையில் ஒரு சாமான் இருக்க விடுவதில்லை. கால்மிதியைக்கூட எடுத்துவிட்டேன். அரிவாள்மணை ஆணியில் தொங்குகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும்போது முன்பெல்லாம் நடைவழி முழுக்க வாளியும் குடமுமாக நிற்குமே, இப்போது ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்ப் பின்பக்க மேடையில் வைக்கிறேன். இடுப்பு ஒடிகிறது.

நீ கெஞ்சினாயே, ஒரு நாள் பழையபடி இருக்கட்டும் என்று. சரி, பிள்ளை வேலைக்கு ஆகட்டும் என்று புதன்கிழமை துணிந்தேன். அப்பாவை வாசல் நாற்காலியில் உட்கார வைத்து, நான் கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன். தெருவில் தண்ணீர் வந்து "பானி ஆ கயா!" என்று சத்தம் கேட்டதும் குழாயைத் திறந்து நடைவழியில் நாலு வாளி, இரண்டு குடம் நிரப்பினேன். இன்ஸ்பெக்டரும் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, உன் மெஷின் கெட்டிக்காரன்தான். முதல் வாளிக்கு முன்னாலேயே நின்று 'டிங் டிங்' என்று அடித்தது. நான் பின்பக்கம் டிரம்மை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தம் கேட்டு அப்பா எழுந்துவிட்டார். மெஷின் எங்கேயோ மாட்டிக்கொண்டது, ரூபாவின் சாமான் கெட்டுப்போகுமே என்று அதைத் தூக்கிவிட வந்திருக்கிறார். சுவரைத் தடவித் தடவி, நேரே அந்தச் சத்தத்துக்கு. வாளி தெரியவில்லை. நான் ஓடி வந்தபோது நடைவழியெல்லாம் தண்ணீர், அதன் நடுவில் அப்பா. அவர் என்ன கேட்டார் தெரியுமா? மெஷின் நனைந்துவிட்டதா என்று கேட்டார்.

இதெல்லாம் படத்தில் இருக்கும். அவர் சுவரைத் தடவுவதைப் பார்த்தால் உனக்கே புரிந்துவிடும். என் வாயால் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் எழுதுகிறேன். உன் மேல் தப்பில்லை. கெஞ்சினவள் நீ, தலையாட்டினவள் நான். மறைத்ததும் நான்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் ஆபீசில் மட்டும் ஒன்று சொல். வெறும் டிங் டிங் போதாது. கண் தெரியாதவர் சத்தம் வரும் பக்கம்தான் போவார். "வாளி இருக்கு, அங்கேயே நில்லுங்க" என்று வாய் திறந்து சொல்ல வையுங்கள்.

அப்பா இப்போதும், உன் மெஷின் பரீட்சை முடியட்டும், ஆபரேஷனை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நீ பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா. வேலையை விடாதே, விட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. நீ கூப்பிட்டால் மறுக்க அவருக்குத் தெரியாது. தள்ளிப்போடாதே கண்ணே, ஒவ்வொரு மாதமும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வீடு சுருங்கிக்கொண்டே வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊருக்கு வந்தால் நீ சத்தமில்லாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை வாயைத் திறக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் அந்த விளையாட்டு. இந்தத் தடவை அது வேண்டாம். கேட்டைத் திறக்கும்போதே "அப்பா" என்று குரல் கொடு. நேரே அவர் முன்னால் வந்து நில். உன் முகம் அவருக்கு முழுசாகத் தெரியட்டும்.

நூறு வயசு நல்லா இரு தாயி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா ஜெயலட்சுமி