புதன்கிழமை எட்டரை மணி

டேரியன், கனெக்டிகட்
1978 மே 13, சனிக்கிழமை

அன்புள்ள கோரினுக்கு,

அக்கா அடேல் எழுதுவது. நேற்று உன் அலுவலகத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று முறையும் அங்கே எடுத்த பெண் நீ கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது முறை அவள் குரலில் எனக்காகக் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. என்னோடு பேச உனக்கு விருப்பமில்லை என்பது புரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே எல்லோரும் சுகம். எங்கள் பையன் பீட்டருக்குப் பல்லில் கம்பி மாட்டியாகிவிட்டது, சிரிப்பதையே நிறுத்திவிட்டான். லைலாக் செடி இந்த வருஷம் தாமதமாகப் பூத்திருக்கிறது. அப்பா டொலிடோவிலிருந்து பேசினார். உன் தொடருக்காகவே பெரிய கலர் டிவி வாங்கிவிட்டாராம். தேவாலயத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் செப்டம்பரிலிருந்து புதன்கிழமை ராத்திரி யாரும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று இப்போதே உத்தரவு போடுகிறாராம். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று இந்த வாரம்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. இங்கே என்ன பேச்சு என்று தெரியும். வால்டரும் அவர் மனைவியும், அதாவது நானும், சேர்ந்து திட்டம் போட்டார்கள், மனைவியின் கூடப்பிறந்த தங்கையின் தொடரைத் தூண்டிலில் புழுவாகக் குத்தினார்கள், எதிர் டிவி நிறுவனம் வாயைத் திறந்து கவ்விக்கொண்டது. இதுதான் பேச்சு. இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மே மாதத்தில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதது இல்லை. மூன்று டிவி நிறுவனங்களிலும் செப்டம்பர் மாதத்துக்கான ராத்திரி அட்டவணையை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் வெளியிட்டவன் தோற்றான், மற்றவர்களுடையதைப் பார்த்து மாற்றிக் கடைசியில் வெளியிட்டவன் ஜெயித்தான். மூன்று நிறுவனத்து ஆட்களும் ஒரே ரயிலில் வீடு திரும்புகிறார்கள், ஒரே மேசையில் சீட்டு ஆடுகிறார்கள், பேஸ்பால் தவிர வேறு எதுவும் பேசமாட்டார்கள். மனைவிமார்களுக்கும் அதே சட்டம்தான். நாலு வீடு தள்ளி இருக்கிற மார்ஜரி டாலண்டை உனக்கு நினைவிருக்கும், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உனக்குச் சால்வை கொடுத்தாளே, அவள்தான். அவள் கணவர் ஹியூ எதிர் நிறுவனத்தில் வால்டர் பார்க்கிற அதே வேலையை, எந்தத் தொடரை எந்த நேரத்தில் போடுவது என்று முடிவு செய்கிற வேலையைப் பார்க்கிறார். நானும் மார்ஜரியும் பிள்ளைப்பேறு முதல் கரப்பான்பூச்சி வரை எல்லாம் பேசியிருக்கிறோம். டிவியைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

வால்டர் வீட்டில் வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டார். அப்படிப்பட்டவர் போன மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையிலிருந்து ஒரு கட்டு சின்ன அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தொடரின் பெயர். அவற்றைக் காந்தத்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, கிழமை வாரியாக அடுக்கினார். அப்புறம் கையில் உன் அட்டையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடேல், உன் தங்கச்சியை எங்க உக்கார வைக்கலாம்? நீ சொல்லு."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி நின்றேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. புதன்கிழமை எட்டு மணிக்கு அந்தப் போலீஸ் தொடர், ஒன்பது மணிக்கு டாக்டர் தொடர், இரண்டும் பலமானவை. நடுவில் எட்டரைக்கு உன் சலவைக்கடைத் தொடர். முன்னதைப் பார்த்தவர்கள் எழுந்து போய் டிவி குமிழைத் திருகச் சோம்பல்பட்டு உன்னைப் பார்ப்பார்கள், பின்னதுக்காகக் காத்திருக்கிறவர்களும் உன்னைப் பார்ப்பார்கள். தூளியில் போட்ட குழந்தை மாதிரி விழாமல் இருக்கும் என்று அவரே விளக்கினார். நான் சரி என்றேன். என் தலையசைப்புக்காகவே காத்திருந்தவர் போல அட்டையை ஒட்டினார்.

கோரின், நீ அந்தத் தொடருக்காக எத்தனை வருஷம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் சலவைக்கடையை அப்படியே எழுதியிருந்தாய். வாடிக்கையாளர் சட்டைப்பையிலிருந்து கிடைத்ததையெல்லாம் கண்ணாடி ஜாடியில் போட்டு, வருகிறவர்களிடம் இது உங்களுடையதா என்று அம்மா கேட்பாளே, அதைப் படித்துவிட்டு நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். அந்த அட்டையைத் தினமும் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். மூன்று நாள் தாங்கினேன். நாலாவது நாள் பள்ளிக்கூடத்துக் கேக் விற்பனையில் மார்ஜரி என் பக்கத்தில் நின்று எலுமிச்சைக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். உன் தங்கை எப்படி இருக்கிறாள் என்று மட்டும்தான் கேட்டாள், வழக்கமாகக் கேட்கிறதுதான்.

நான் கொட்டிவிட்டேன். புதன்கிழமை, எட்டரை, முன்னால் எது, பின்னால் எது, எல்லாம். உன்னைப் பற்றிப் பெருமை அடிக்கத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் புருஷன் என்னிடம் யோசனை கேட்கிறார் என்பதை மார்ஜரிக்குக் காட்டத்தான் சொன்னேன். "அங்க வைங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றுகூடச் சொன்னேன்.

போன திங்கட்கிழமை எதிர் நிறுவனம் அட்டவணையை வெளியிட்டது. சனிக்கிழமை ராத்திரி நாடே உட்கார்ந்து பார்க்கிற அந்தத் தீயணைப்பு வீரர் நகைச்சுவையைத் தூக்கிப் புதன்கிழமை எட்டரைக்குப் போட்டிருந்தார்கள். புதன்கிழமை முழுவதும் எங்கள் கைக்கு வந்துவிடும் என்று பயந்துவிட்டார்கள்.  என்னால்தான் என்று வால்டரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் தவித்தேன், தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை எங்கள் நிறுவனம் வெளியிட்டது. போலீஸும் டாக்டரும் சனிக்கிழமைக்குப் போயிருந்தார்கள். எதிராளி காலி செய்துவிட்டுப் போன இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை எட்டரையில் அந்தத் தீயணைப்பு நகைச்சுவைக்கு எதிரே உன் சலவைக்கடை மட்டும் தனியாக, இரண்டு பக்கமும் யாரும் இல்லாமல்.

அன்று வால்டர் ஷாம்பெயினோடு வந்தார். ரயிலில் எங்கள் நிறுவனத்து ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். நான் அழுதுகொண்டே மார்ஜரியிடம் சொன்னதை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். என் தோளில் தட்டிச் சொன்னார்.

"தெரியும்மா. நீ சொல்லாம இருப்பியா? உன் வாயை நம்பித்தானே புதன்கிழமையைப் போட்டேன். நீ ஒரு வாரம் தாங்குவேன்னு நெனச்சேன், நாலே நாள்ல முடிச்சிட்டே."

அவர் அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பாராட்டாகச் சொன்னார். மற்றவர்களின் பழக்கத்தைக் கணக்கில் எடுப்பதுதானே அவர் வேலை. மக்கள் எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள் என்று தெரிந்துவைத்திருக்கிறவருக்கு நான் எப்போது உளறுவேன் என்று தெரியாதா? ஃப்ரிட்ஜ் கதவின் முன்னால் நான் நின்ற நிற்பு என் கண்முன்னால் வந்தது. எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

உன்னை வேறு கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு அட்டையை நகர்த்தினால் எல்லா அட்டையையும் நகர்த்த வேண்டும் என்றார். ஊர் ஊராக இருக்கிற நிலையங்களுக்கெல்லாம் தகவல் போய்விட்டது என்றார். உன் சலவைக்கடை நல்ல தொடர் என்றும் அவரே சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்த இடத்துக்கு யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். வேற எவளோ ஒருத்தியோட தங்கச்சின்னா உனக்குப் பரவாயில்லையா?"

  பரவாயில்லை என்றுதான் இருந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இன்று ராத்திரி அவருடைய மேலதிகாரிகளுக்கு விருந்து என்றார். நான் சமைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். நான் போகப்போவதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நேற்றுக் காலை மளிகைக்கடை வாசலில் மார்ஜரியைப் பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"உன்னை வெகுளின்னு நெனச்சேன் அடேல். சொந்தத் தங்கச்சியையே வச்சு ஆடத் தெரிஞ்சவள்னு எனக்குத் தெரியாம போச்சு. ஹியூவை ஆபீஸ்ல என்ன சொல்றாங்க தெரியுமா? கேக் வெட்டற இடத்துல கேட்டதை நம்பி சனிக்கிழமையைத் தொலைச்சவன்னு."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கும் எதுவும் தெரியாது மார்ஜரி, என்னையும்தான் ஏமாற்றினார் என்று ஒரு வரி போதும். சொல்லவில்லை. சொன்னால் புருஷன் வீட்டில் என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். அதைவிடச் சூழ்ச்சிக்காரி என்ற பெயர் கௌரவமாகத் தோன்றியது. நான் சிரித்தேன், கோரின். எல்லாம் தெரிந்து செய்தவள் மாதிரி லேசாகச் சிரித்துவிட்டு, முட்டையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கௌரவத்துக்காக இரண்டாவது தடவையும் உன்னைத்தான் விற்றிருக்கிறேன் என்பது வாசலில் காரை நிறுத்தும்போதுதான் உறைத்தது.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு மார்ஜரி வீட்டுக்குப் போகப்போகிறேன். அவளிடமும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். அவள் நம்புவாளா, கதவையாவது திறப்பாளா, தெரியாது. தெரு முழுக்கச் சிரிக்கட்டும்.

நீ நம்ப வேண்டும். உன் தொடரை நான் கொன்றுவிட்டேன் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். என் வாய் ஓட்டை வாய், என் மூளை களிமண் என்று சொல். உன்னைத் தெரிந்தே கொடுத்தேன் என்று மட்டும் நினைக்காதே. நீ உன் ஆட்களோடு அந்த மேடையில் நல்லபடியாக வேலை செய்ய வேண்டும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அம்மாவின் கடை நீ நினைத்தபடி நடக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டு என்னைத் திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் முட்டாள் அக்கா
அடேல்